குவில்ட் ஸ்கேல் வாங்கப் போகிறீர்களா? அரை நூலில் பறிபோன என் அம்மா சேலையின் கதை

மதுரையில் குவில்ட் (ஒட்டுத்துணிப் போர்வை) தைக்கக் கற்றுக்கொள்ளலாம் என்று கிளம்புகிறவர்கள் இதைப் படித்துவிட்டுக் கடைக்குப் போங்கள். எனக்கு முதலில் ரூ.5,700 போனது. அதைக் கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அம்மாவின் மெரூன் சுங்குடிச் சேலையும் அல்லவா போனது!

மகளுக்கு வளைகாப்பு முடிந்த கையோடு, பிறக்கப்போகும் பிள்ளைக்கு ஓர் ஒட்டுத்துணிப் போர்வை தைக்க ஆசைப்பட்டேன். வீட்டில் மூன்று பழைய சுங்குடிச் சேலைகள் இருந்தன. பல வருஷம் துவைத்துத் துவைத்துப் பூப்போல ஆனவை, இனிச் சாயமும் போகாது, சுருங்கவும் செய்யாது. நாலு இன்ச் கட்டம் ஒன்பது சேர்ந்தால் பன்னிரண்டு இன்ச் பிளாக் ஒன்று. அகலத்தில் மூன்று, நீளத்தில் நான்கு என்று 12 பிளாக், 108 துண்டுகள். தையலுக்குப் பக்கத்துக்குக் கால் இன்ச் விட வேண்டும் என்பதால் ஒவ்வொரு துண்டையும் நாலரை இன்ச்சுக்கு வெட்ட வேண்டும்.

சாக்பீஸால் கோடு போட்டுக் கத்தரிக்கோலால் 108 துண்டு வெட்டினால் ஒன்றுபோல் ஒன்று வராது. கத்தரி துணியைத் தூக்கிக்கொண்டே வெட்டும். சக்கரம்போல் பிளேடு சுழலும் ரோட்டரி கட்டரில் அந்தத் தொல்லை இல்லை. 'கட்டிங் மேட்' என்கிற விரிப்பில் துணியை விரித்து, ஸ்கேலை அழுத்திப் பிடித்து, ஓரமாகச் சக்கரத்தை உருட்டினால் போதும். மாசி வீதிப் பக்கம் ஒரு கடையில் எல்லாம் சேர்ந்த 'கிட்' இருந்தது: 45 மி.மீ. கட்டர், உபரி பிளேடுகள், பச்சை மேட், 6க்கு 24 இன்ச் அக்ரிலிக் ஸ்கேல். ரூ.4,200. கூடவே ஒரு நாள் வகுப்பு, ரூ.1,500.

இரண்டு சாயங்காலத்தில் வெட்டி முடித்துவிட்டேன். அவ்வளவு சுகமான வேலை. தைத்து வரிசையாக அடுக்கியபோதுதான் பிளாக்கோடு பிளாக் சேரவில்லை. பன்னிரண்டரை இன்ச் இருக்க வேண்டியதில் சிலது ஒன்றரை நூல் குறைவு, சிலது ஒன்றரை நூல் அதிகம். (இன்ச்சுக்கு எட்டு நூல், ஆசாரி கணக்கு.) அதாவது பிளாக்குக்குப் பிளாக் மூன்று நூல் வித்தியாசம். என் தையல்தான் கோணல் என்று நினைத்து இரண்டு தடவை பிரித்துத் தைத்தேன். மூன்றாம் தடவை பிரித்தபோது மெரூன் சேலையின் துண்டுகள் ஓரமெல்லாம் நைந்துவிட்டன.

கடைசியில் பையைத் தூக்கிக்கொண்டு குன்னத்தூர் சத்திரம் போனேன். புதுமண்டபத்தில் உட்கார்ந்திருந்த காலத்திலிருந்து எங்கள் வீட்டுக்குத் தைத்துக் கொடுக்கும் பெரியவர் இப்போது அங்கேதான் இருக்கிறார். துணியை அவர் தொடக்கூட இல்லை. "ஸ்கேலக் குடு தாயி" என்று வாங்கி, தன் இரும்பு ஸ்கேலை மேலே வைத்தார். "தையல் சரியாத்தான் இருக்கு. இந்தப் பக்கம் முத கட்டம் அரை நூல் கம்மி, அந்தப் பக்கம் அரை நூல் கூட. நீ ரெண்டு பக்கமும் மாத்தி மாத்தி வெட்டிருக்க."

உண்மைதான். கோடு அச்சடித்த அக்ரிலிக் பலகையை அறுக்கும்போது கொஞ்சம் நகர்ந்திருக்கிறது. ஒரு ஓரத்தில் இழந்தது மறு ஓரத்தில் சேர்ந்துவிட்டது. நடுவில் எங்கே அளந்தாலும் இன்ச் இன்ச்சாகத்தான் இருக்கும், அதனால் கண்ணுக்குத் தெரியாது. துண்டுக்கு அரை நூல் என்றால் மூன்று துண்டு வரிசைக்கு ஒன்றரை நூல். ஒரு ஜாக்கெட்டில் இது யாருக்கும் தெரியப்போவதில்லை. குவில்ட்டில் மூலை மூலையோடு முட்ட வேண்டும்.

ஆகவே ஸ்கேல் வாங்கும்போது கடையிலேயே ஒரு கெட்டி அட்டையில் ஸ்கேலின் வலது ஓரத்திலிருந்து இரண்டு இன்ச் பட்டை ஒன்று, ஸ்கேலைத் திருப்பிப் போட்டு மறு ஓரத்திலிருந்து இரண்டு இன்ச் பட்டை ஒன்று வெட்டி, ஒன்றன்மேல் ஒன்று வையுங்கள். ஒரு மயிரிழை எட்டிப் பார்த்தாலும் வேண்டாம். கையில் ஓர் இரும்பு ஸ்கேல் இருந்தால் இன்னும் நல்லது. துணி டேப்பை நம்பாதீர்கள், அது இழுபடும். வீட்டுக்கு வந்த பிறகு ஒரே ஸ்கேல், ஒரே ஓரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மேட்டில் இருக்கும் கோட்டை வைத்து அளக்கவே அளக்காதீர்கள். என் மேட்டின் கோடும் ஸ்கேலின் கோடும் ஒன்றோடொன்று பேசவே இல்லை.

மேட்டும் ஏமாற்றுதான். வெட்டுத் தடம் தானாக மூடிக்கொள்ளும் என்றார்கள். பத்தே நாளில் வாய்க்கால் வெட்டியதுபோல் ஆகி, பிளேடு அந்தப் பள்ளத்தில் விழுந்து வழி தவறியது. நகத்தால் கீறிப் பார்த்திருந்தால் வெறும் பிளாஸ்டிக் தகடு என்று தெரிந்திருக்கும். ஆனால் ஒரு மூலை வளைந்து போனதற்குக் கடைக்காரர் காரணம் இல்லை. சித்திரை வெயிலில் மாடிப்படியில் சாய்த்து வைத்தது நான்.

வகுப்பில் சொல்லிக்கொடுத்தது அதற்கு மேல். "ஃபுட்டோட ஓரத்தைத் துணி ஓரத்துல வச்சு அடிச்சா அதான் கால் இன்ச்" என்றார்கள். ஃபுட் என்றால் துணியை அழுத்திப் பிடிக்கும் மெஷின் பாதம். எல்லா மெஷின் ஃபுட்டும் அப்படி இருக்காது. ஒன்றரை இன்ச் பட்டை மூன்றை வெட்டிச் சேர்த்துத் தைத்து, தேய்த்து, நடுப்பட்டையை அளந்து பாருங்கள். சரியாக ஒரு இன்ச் வந்தால்தான் உங்கள் தையல் கால் இன்ச். மடிப்பிலேயே ஓர் இழை போய்விடும் என்பதால் கால் இன்ச்சுக்கு ஓர் இழை குறைவாக விட்டுத் தைப்பதுதான் சரி. தேய்ப்பதும் இழுத்துத் தேய்க்கக் கூடாது, பெட்டியை அழுத்தி எடுக்க வேண்டும். இழுத்தால் கட்டம் கோணிக்கொள்ளும். முக்கோணத்துக்கு அரை இன்ச் கூட்டி வெட்டச் சொன்னதும் தப்பு. சதுரத்தை மூலைக்கு மூலை வெட்டி முக்கோணம் எடுப்பதாக இருந்தால், தைத்து முடித்த அளவோடு ஏழு நூல் கூட்ட வேண்டும். நான் ஒரு இன்ச் கூட்டி வெட்டி, தைத்த பிறகு ஓரம் தறித்துவிடுகிறேன்.

சரி, கடைக்குப் போனேன். "அக்கா, துணிதானே, தங்கமா அளக்குறீங்க? அரை நூல்ல என்ன ஆயிடப்போகுது? வித்த பொருளை வாங்குறதில்ல, சீட்டுலயே போட்ருக்கோம்" என்றார் கடைக்காரர். அந்தச் சீட்டை அப்போதுதான் ஒழுங்காகப் பார்த்தேன். தலைப்பு 'எஸ்டிமேட்', ஜி.எஸ்.டி. எண் இல்லை. பெட்டியில் விலை ஸ்டிக்கர் மட்டும். தயாரித்தவர் பெயரோ இறக்குமதி செய்தவர் பெயரோ இல்லை. பொட்டலத்தில் அவை இருந்தாக வேண்டும் என்பது சட்டம்.

சீட்டில் அச்சடித்துவிட்டால் மட்டும் ஆயிற்றா? 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பழுதான பொருளைத் திரும்ப எடுத்துப் பணம் தர மறுப்பது நேர்மையற்ற வணிகம். ரசீதில் கெடு சொல்லியிருந்தால் அதற்குள், இல்லாவிட்டால் 30 நாளுக்குள் கொடுத்தாக வேண்டும். நான் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்குப் போன் செய்து புகாரைப் பதிந்தேன். ஒழுங்கான ரசீது இல்லாவிட்டாலும் ஜிபேயில் பணம் கட்டியது ஆதாரமாக இருந்தது. இரண்டு வாரம் கழித்துக் கடையிலிருந்தே கூப்பிட்டார்கள். ஸ்கேலுக்கு மாற்று ஸ்கேல் தருகிறோம் என்றார்கள். அங்கேயே அட்டையை வெட்டி அடுக்கினேன், அதிலும் அதே அரை நூல். அதன் பிறகுதான் கிட்டுக்கான பணம் வந்தது. வகுப்புக்குக் கட்டிய ரூ.1,500 வரவில்லை.

நைந்த துண்டுகளுக்குப் பதிலாக இன்னொரு சேலையின் முந்தானையை வெட்டினேன். மற்ற எல்லாத் துண்டையும் நாலு இன்ச் மூன்று நூலுக்குத் தறித்து, புதிதாகத் தைத்தேன். போர்வை அகலத்தில் ஒரு இன்ச் ஒரு நூலும், நீளத்தில் ஒன்றரை இன்ச்சும் சிறிதாகிவிட்டது. பேரன் அதைத்தான் போர்த்திக்கொள்கிறான். அம்மாவின் மெரூன் அதில் பதினொரு கட்டம் மட்டும் இருக்கிறது.