டாமியா 1/20 ஹோண்டா ஆர்ஏ272: உப்புக்காற்றில் ஒரு வெள்ளைக் கார்

ராமநாதபுரம் கடற்கரையில் இருந்துகொண்டு பழைய ரேஸ் கார் மாடல் கட்ட முதல் கிட் எது என்று கேட்டால், ஜப்பானிய நிறுவனமான டாமியாவின் ஹோண்டா ஆர்ஏ272-ஐத்தான் சொல்வோம். 1965-இன் ஃபார்முலா 1 கார் அது; 1/20 என்றால் உண்மைக் காரின் இருபதில் ஒரு பங்கு அளவு. பெட்டி எண் 20043. பாகங்கள் நன்றாகப் பொருந்துகின்றன என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் காரின் நிறம்.

இந்த மாடலுக்கு அடிக்கும் லேக்கர் பெயின்ட் வேகமாகக் காயும் வகை. அதைத் தெளித்ததும் அதை இளக்கிவைத்திருக்கும் தின்னர் சட்டென்று ஆவியாகும். அப்போது மேற்பரப்பு குளிர்ந்துபோய், காற்றின் ஈரம் அதில் படிகிறது. பெயின்ட் பால் ஆடை கட்டியதுபோல் வெளுத்துவிடும். மண்டபம், பாம்பன், கீழக்கரை, தேவிபட்டினம் எங்கே உட்கார்ந்து தெளித்தாலும் இந்த வெளுப்புக்குத் தப்ப முடியாது. இதே டாமியா வரிசையில் ஜிம் கிளார்க் ஓட்டிய லோட்டஸ் 25 கிடைக்கிறது. அருமையான கிட், ஆனால் அதன் அடர்பச்சையில் ஒரு சிறு வெளுப்பும் கண்ணில் குத்தும். ஹோண்டாவின் வெள்ளையில் வெளுப்பு வந்தால் பளபளப்பு மங்கும், அவ்வளவுதான். பாலிஷ் போட்டு மீட்டுவிடலாம்.

காரின் பெருமையும் சாதாரணமல்ல. 1965 அக்டோபர் 24 அன்று மெக்சிகோ கிராண்ட் பிரீயில் ரிச்சி கிந்தர் 11-ஆம் எண் காரில் வென்றார். ஹோண்டாவுக்கு ஃபார்முலா 1-இல் அதுவே முதல் வெற்றி. அதில் போட்டிருந்த குட்இயர் டயருக்கும் முதல் வெற்றி. 1961-இல் தொடங்கிய 1.5 லிட்டர் இன்ஜின் விதியின் கீழ் நடந்த கடைசிப் பந்தயமும் அதுதான். 12-ஆம் எண் காரில் ரோனி பக்னம் ஐந்தாவதாக வந்தார். பின்னாளில் ஹோண்டா தன் கார்களுக்குக் கொடுத்த 'சாம்பியன்ஷிப் ஒயிட்' நிறத்துக்கு மூலம் இந்தக் கார்தான்.

மாடலில் நம்மைக் கட்டிப்போடுவது இன்ஜின். 12 சிலிண்டர் வி வடிவ இன்ஜின், பைக் இன்ஜினைப்போல் குறுக்கே படுத்திருக்கிறது. மூடி கிடையாது, பின்பக்கம் முழுக்கத் திறந்தே இருக்கும். முடித்த மாடலின் நீளம் ஏறக்குறைய 20 செ.மீ. அதில் நான்கில் ஒரு பங்கு இன்ஜினும் புகைக்குழாயும்தான். செலவிடும் நேரத்தில் பாதியை அங்கே வைத்தாலும் தகும்.

பெட்டி வந்ததும் முதலில் டெக்கால் தாளைப் பாருங்கள். நீரில் ஊறவைத்துக் காரில் ஒட்டும் எண், சின்னப் படங்கள்தான் டெக்கால். பழைய சரக்காக இருந்தால் ஓரம் மஞ்சளடித்திருக்கும். வெள்ளைக் காரில் அது அப்படியே தெரியும். தாளை ஜிப் கவரில் போட்டு, படம் வெளிப்பக்கம் பார்க்க, வெயில் விழும் சன்னல் கண்ணாடியில் நான்கைந்து நாள் ஒட்டிவைத்தால் மஞ்சள் பெரும்பாலும் இறங்கிவிடும். அடுத்து, பாகங்களைச் சட்டத்திலிருந்து வெட்டும் முன்பே பாத்திரம் துலக்கும் சோப்பில் கழுவுங்கள். அச்சில் தடவிய எண்ணெயோடு, இந்த ஊர் காற்றில் படியும் உப்பும் போகும். கடைசி அலசல் மட்டும் ஆர்ஓ தண்ணீரில் இருக்கட்டும். போர் தண்ணீர் காய்ந்தால் வெள்ளைத் திட்டு விடும், அதன்மேல் பிரைமர் என்ற அடிப்பூச்சு பிடிக்காது. டெக்கால் ஊறவைக்கவும் ஆர்ஓ தண்ணீர்தான். போர் தண்ணீரின் உப்பு டெக்காலுக்கு அடியில் மாட்டிக்கொண்டால் பிறகு எடுக்கவே முடியாது.

ஒட்டுவதற்குப் பச்சை மூடி போட்ட மெல்லிய சிமென்ட் போதும். உடற்பகுதி சேரும் கோட்டை ஒட்டிய அன்றே தேய்க்கக்கூடாது. சிமென்ட் பிளாஸ்டிக்கை உருக்கித்தான் ஒட்டுகிறது. உருகிய இடம் சுருங்கி முடிக்க இரண்டு நாளாவது ஆகும். அவசரப்பட்டுத் தேய்த்தால் பெயின்ட் அடித்த பிறகு அந்தக் கோடு பள்ளமாகத் திரும்பி வரும். 600-இல் தொடங்கி 1000 வரை வாட்டர் பேப்பர் போதும். ஆணித்தலைகள் இருக்கும் பக்கம் கையை வைக்காதீர்கள். 1/20 அளவில் அவை ஊசிமுனை அளவுதான், ஒரு தேய்ப்பில் போய்விடும். சக்கரங்களைத் தாங்கும் கம்பிகளை ஒட்டிய கையோடு காரைக் கண்ணாடித் தகட்டில் வைத்து, நான்கு சக்கரமும் தரையைத் தொடுகிறதா, முன்னச்சுக்கும் பின்னச்சுக்கும் இடைவெளி இரு பக்கமும் ஒன்றுதானா என்று ஸ்கேலால் பாருங்கள். ஈரமாக இருக்கும்போது திருத்தலாம். காய்ந்தபின் ஒடிக்கத்தான் வேண்டும்.

இனி வெள்ளை. டாமியா ஸ்ப்ரே கேன் வரிசையில் டிஎஸ்-7 ரேசிங் ஒயிட் இந்தக் காருக்குப் பொருந்துகிறது. சற்றே தந்தம் கலந்த வெள்ளை அது. டிஎஸ்-26 தூய வெள்ளையை அடித்தால் கார் பொம்மைபோல் ஆகிவிடும். 100 மி.லி. கேன் ஒன்று தாராளமாகப் போதும். ஸ்ப்ரே கேன் விமானத்தில் வராது என்பதால் தரைவழிப் பார்சல் அனுப்பும் உள்நாட்டு விற்பனையாளரிடம் வாங்குங்கள். அடியில் சாம்பல் பிரைமர் வேண்டாம், அதை மறைக்கவே இரண்டு பூச்சு கூடும். பெயின்ட் கெட்டியானால் உடலில் பொறித்த மெல்லிய கோடுகள் அடைபடும். வெள்ளைப் பிரைமரே போடுங்கள்.

தெளிக்கும் காலம்தான் முக்கியம். ஐப்பசி, கார்த்திகை மழையில் கேனைத் தொடவே வேண்டாம். ஆனி, ஆடிக் கச்சான் காற்றில் ஈரத்தைவிட மணல் பெரிய எதிரி. மாசி, பங்குனி நல்ல காலம். விடியற்காலை ஈரம் இறங்கி, கடல்காற்று ஏறும் முன்னால் கிடைக்கும் முற்பகல் வேளையைப் பிடியுங்கள். ஒரு ஈரப்பத மானி வாங்கி வைத்துக்கொண்டு, 75 சதவீதத்துக்கு மேல் காட்டினால் அன்றைக்கு இன்ஜின் வேலையைப் பாருங்கள். தரையில் தண்ணீர் தெளித்துத் தூசி அடக்கும் பழக்கம் இங்கே உண்டு. பெயின்ட் அடிக்கும் அறையில் அதைச் செய்தால் ஈரம்தான் ஏறும். ஈரத்துணியால் துடைத்துக் காயவிடுவதே சரி.

கேனை வெதுவெதுப்பான தண்ணீரில் ஐந்து நிமிடம் வைத்துக் குலுக்கி, 20 முதல் 25 செ.மீ. தள்ளி, முதலில் தூவல்போல் ஒன்று, பத்து நிமிடம் விட்டு மெல்லிய பூச்சு ஒன்று, கடைசியாகச் சற்று ஈரமாக ஒன்று. ஏர்பிரஷ் என்ற காற்றுத் தெளிப்பான் உள்ளவர்கள் ரிட்டார்டர் வகைத் தின்னரைக் கலந்தால் காய்வது தாமதமாகி வெளுப்பு நன்றாகவே குறையும். தூசி விழுந்தால் விரலால் எடுக்காதீர்கள். மறுநாள் 2000 தாளால் நீரோடு தேய்த்துவிட்டு அடுத்த பூச்சு போடலாம்.

மூக்கின்மேல் வரும் சிவப்பு வட்டம் சிரமமான டெக்கால். டாமியா டெக்கால் கொஞ்சம் தடிமன். வளைவில் ஓரம் சுருங்கி நிற்கும். டெக்காலை இளக்கும் திரவமான மிஸ்டர் மார்க் சாஃப்டரை ஒரு சொட்டு விட்டு, வெந்நீரில் நனைத்த பஞ்சுக்குச்சியை நடுவிலிருந்து வெளியே உருட்டுங்கள். இரண்டு முறை செய்தால் அமரும். அதன்மேல் கிளியர் என்ற நிறமற்ற பளபளப்புப் பூச்சைப் பூசும்போது முதல் இரண்டு பூச்சும் தூவலாகவே இருக்க வேண்டும். டிஎஸ்-13 கிளியரை எடுத்த எடுப்பில் ஈரமாக அடித்தால் டெக்காலைக் கரைத்துவிடும்.

இன்ஜினுக்கு இந்தக் கடற்கரை ஒரு நல்ல பொருளைக் கையில் தருகிறது: மீன்பிடிச் சாமான் கடையில் கிடைக்கும் தங்கூசி என்ற நைலான் இழை. உண்மைக் காரின் 7 மி.மீ. ப்ளக் ஒயர் இந்த அளவில் 0.35 மி.மீ. ஆகும். 10 மி.மீ. பிரேக் குழாய் 0.5 மி.மீ. தங்கூசி அந்தந்தத் தடிமனிலேயே கிடைக்கிறது. ஆனால் நைலான் வளைத்தால் நிமிரும், பெயின்டும் பிடிக்காது. குண்டூசியில் சுற்றி வெந்நீரில் ஒரு நிமிடம் முக்கி எடுத்தால் வளைவு நிற்கும். 600 தாளால் இழுத்துச் சொரசொரப்பாக்கினால் பெயின்ட் பிடிக்கும். கூர்மையாக மடங்கும் குழாய்களுக்குச் செம்புக் கம்பிதான் சரி. அதை வெறுமனே விட்டால் உப்புக்காற்றில் பச்சை பூத்துவிடும், ஒரு கை வார்னிஷ் அவசியம்.

முன்கண்ணாடியை ஃபெவிக்விக்கால் ஒட்டவே கூடாது. அதன் ஆவி ஈரக்காற்றில் கண்ணாடிமேல் வெள்ளையாகப் படியும், துடைத்தால் போகாது. ஃபெவிகாலைப் பல்குத்தும் குச்சி நுனியால் ஓரத்தில் மட்டும் வையுங்கள், காய்ந்தால் தெளிந்துவிடும்.

ரப்பர் டயரிலிருந்து கசியும் எண்ணெய்ப்பசை நாளடைவில் பிளாஸ்டிக்கை உருக்கும். வெக்கையில் இது இன்னும் வேகமாக நடக்கும். சக்கர வட்டுக்கு லேக்கர் பூச்சு கொடுத்தபின்தான் டயர் மாட்ட வேண்டும். காரை நேரடியாக அக்ரிலிக் பலகைமேல் நிறுத்தாமல், அச்சுக்குக் கீழே சிறு கட்டை கொடுத்து டயரைத் தரையிலிருந்து முடியளவு தூக்கி வையுங்கள். பெட்டிக்குள் சிலிகா ஜெல் பொட்டலம் இரண்டு போட்டு, மழைக்காலம் முடிந்ததும் மாற்றுங்கள்.