பணிச்சேர்க்கைத் தேதிக்காகக் காத்திருப்பவர்களுக்கு: அசல் சான்றிதழ்களை எவரிடமும் விட்டுவராதீர்கள்

கோவில்பட்டிக்கு அருகிலுள்ள ஒரு பொறியியல் கல்லூரியில் இ.சி.இ. (மின்னணு, தகவல் தொடர்புப் பொறியியல்) பிரிவில் படித்து, 2023 மே மாதம் கடைசித் தேர்வை எழுதி முடித்தவள் நான். சென்னையில் இயங்கும் ஒரு வேலைவாய்ப்புக் கன்சல்டன்சியிடம் 1,80,000 ரூபாயையும் என் அசல் சான்றிதழ்கள் அனைத்தையும் ஒப்படைத்தேன். அந்த ஒரே காரணத்தால், எனக்கு உண்மையாகவே கிடைத்திருந்த வேலையையும் இழந்தேன். படிப்பை முடித்துவிட்டு, அழைப்பு வரும் என்று மின்னஞ்சல் பெட்டியைத் திறந்து திறந்து பார்த்துக்கொண்டிருக்கும் தம்பி தங்கைகளும் அவர்களுடைய பெற்றோரும் படிக்க வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

கல்லூரி வளாக நேர்காணலில், 2022 செப்டம்பரிலேயே, ஒரு மென்பொருள் நிறுவனம் என்னைத் தேர்ந்தெடுத்திருந்தது. பணிச்சேர்க்கைத் தேதி பின்னர் தெரிவிக்கப்படும் என்று கடிதத்தில் இருந்தது. 2023 ஜூனில் கேட்டபோது சில வாரங்கள் ஆகும் என்றார்கள். அக்டோபரில் கேட்டபோது அடுத்த காலாண்டு என்றார்கள். அந்த ஆண்டில் தகவல் தொழில்நுட்ப நிறுவனங்கள் பல, தேர்ந்தெடுத்த புதியவர்களை இப்படித்தான் மாதக்கணக்கில் காக்க வைத்தன என்பது என் வகுப்புத் தோழிகள் எல்லோருக்கும் தெரியும். ஆனால் தீப்பெட்டித் தொழிற்சாலையில் கணக்கப்பிள்ளையாக வேலை பார்க்கும் என் அப்பாவிடம், தெருவில் பார்க்கிறவர்கள் எல்லாம் "புள்ளைக்கு வேலை என்னாச்சுண்ணே?" என்று கேட்கும்போது, உலகச் சந்தை நிலவரத்தை அவர் விளக்கிக்கொண்டிருக்க முடியாது. வேலை இல்லையென்றால் மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கலாமே என்ற பேச்சும் தீபாவளிக்கு வந்த உறவினர்களிடையே எழுந்தது.

இந்தக் காத்திருப்பில் வெளியில் இருப்பவர்களுக்குப் புரியாத ஓர் அச்சம் உண்டு. புதியவர்களுக்கான விளம்பரங்களில் பெரும்பாலானவை, "2022, 2023 பேட்ச் மட்டும்" என்பதுபோல, தேர்ச்சி பெற்ற ஆண்டைக் குறிப்பிட்டே வருகின்றன. ஆண்டு திரும்பிவிட்டால் நம்மைவிட இளையவர்கள் அந்த வரிசையில் வந்து நிற்பார்கள். நம் ஆண்டு விளம்பரங்களிலிருந்து மெல்ல மறையத் தொடங்கும். பட்டத்துக்கே காலாவதித் தேதி இருப்பதுபோன்ற இந்த உணர்வு டிசம்பர் மாதத்தில் உச்சத்துக்கு வரும். எனக்கு அந்தத் தொலைபேசி அழைப்பு வந்ததும் டிசம்பரில்தான். அது தற்செயல் என்று இப்போது நான் நம்பவில்லை.

வேலைவாய்ப்பு இணையதளம் ஒன்றில் என் விவரங்களைப் பார்த்ததாகச் சொன்ன ஒரு பெண், மிகப் பெரிய நிறுவனம் ஒன்றின் பெயரைக் கூறி, அங்கே உள்ள காலியிடங்களைத் தங்கள் கன்சல்டன்சி வழியாக நிரப்புவதாகச் சொன்னார். பணம் கொடுத்துப் புறவாசல் வழியாக வேலைக்குச் சேரும் இதைச் சென்னையில் "பேக்டோர்" என்கிறார்கள். அந்தச் சொல் ஒலிக்கும்போதே நான் அழைப்பைத் துண்டித்திருக்க வேண்டும். ஆனால் அவர் அதைக் குற்றம்போலச் சொல்லவில்லை. எல்லோரும் செய்யும் ஏற்பாடு, உங்கள் சீனியர்கள் பலர் இப்படித்தான் உள்ளே போனார்கள் என்று ஓர் அக்காவைப்போலப் பேசினார். நானும் அப்பாவும் முத்துநகர் விரைவு ரயிலில் சென்னை வந்து, 2023 டிசம்பர் 18 அன்று வடபழனிப் பக்கத்தில் ஓர் இரண்டாம் மாடி அலுவலகத்துக்குச் சென்றோம். கண்ணாடிக் கதவு, குளிர்சாதன வசதி, வேலை பெற்றவர்கள் என்று சுவர் முழுவதும் ஒட்டப்பட்ட புகைப்படங்கள், எங்களைப்போலவே ஊரிலிருந்து வந்து பிளாஸ்டிக் கோப்புகளை மடியில் வைத்துக்கொண்டு அமர்ந்திருந்த நான்கைந்து குடும்பங்கள். அந்தக் குடும்பங்களைப் பார்த்துத்தான் அப்பாவுக்கு நம்பிக்கை வந்தது. எங்களைப் பார்த்து அவர்களுக்கு வந்திருக்கும்.

முதல் தவணையாக 75,000 ரூபாய், நியமனக் கடிதம் வந்த பிறகு 1,05,000 ரூபாய் என்று பேசினார்கள். அம்மாவின் மூன்று பவுன் சங்கிலியைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் அடகு வைத்துப் பெற்ற முதல் தவணையை, நிறுவனத்தின் பெயரில் அல்லாமல் ஒரு தனிநபரின் வங்கிக் கணக்குக்கு அனுப்பச் சொன்னார்கள், அனுப்பினோம். 20 ரூபாய் முத்திரைத்தாளை முதல் பக்கமாக வைத்து, ஆங்கிலத்தில் நான்கு பக்கங்கள் கொண்ட ஓர் ஒப்பந்தத்தில் என்னிடமும் அப்பாவிடமும் கையெழுத்து வாங்கினார்கள். பின்னர் நிதானமாகப் படித்தபோது, நாங்கள் செலுத்துவது பயிற்சிக் கட்டணம் என்றும், அது திருப்பித் தரப்படமாட்டாது என்றும், வேலைக்கு எந்த உத்தரவாதமும் இல்லை என்றும் அதில் தெளிவாகவே எழுதியிருந்தது. வாயால் சொன்னது முழுவதும் வேலை; தாளில் இருந்தது முழுவதும் பயிற்சி. நான்கு ஆண்டுகள் ஆங்கில வழியில் பொறியியல் படித்த நான் அந்த நான்கு பக்கங்களை அங்கேயே உட்கார்ந்து படித்திருக்க வேண்டும். அப்பாவால் படிக்க முடியாது; என்னால் முடியும்.

அதைவிடப் பெரிய தவறு அடுத்த பத்து நிமிடங்களில் நடந்தது. பின்னணிச் சரிபார்ப்புக்கு என்று சொல்லிப் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல்கள், அண்ணா பல்கலைக்கழகத்தின் தற்காலிகச் சான்றிதழ், ஒருங்கிணைந்த மதிப்பெண் சான்றிதழ், மாற்றுச் சான்றிதழ் ஆகியவற்றை அசலாகவே வாங்கி வைத்துக்கொண்டார்கள். நகல் போதாதா என்று அப்பா கேட்டார். "இன்னும் ரெண்டே வாரத்துல கொடுத்துடுவோம் சார், நீங்க கவலையே படாதீங்க" என்றார்கள். ஒப்புகைச் சீட்டு கேட்டதற்கு, முத்திரை இல்லாத ஒரு தாளில் "சான்றிதழ்கள் பெறப்பட்டன" என்று எழுதித் தந்தார்கள். எந்தெந்தச் சான்றிதழ்கள் என்ற விவரம் அதில் இல்லை. கல்லூரிகளும் பல்கலைக்கழகங்களும்கூட மாணவரின் அசல் சான்றிதழ்களைத் தம்மிடம் நிறுத்தி வைக்கக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018ஆம் ஆண்டிலேயே அறிவித்திருக்கிறது. படித்த கல்லூரிக்கே இல்லாத உரிமை, வழியில் வந்த ஒரு கன்சல்டன்சிக்கு எங்கிருந்து வரும்? சரிபார்க்க வேண்டிய நிறுவனம் அசலை நம் கண்ணெதிரே பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடும். அதற்குமேல் ஒரு நாள்கூட அது அவர்களிடம் இருக்க வேண்டிய தேவை இல்லை.

ஜனவரியிலும் பிப்ரவரியிலும் நடந்த பயிற்சியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் ஜாவா பாடங்களை, எங்களைவிட ஓராண்டு மூத்த ஒருவர் திரையில் ஓட்டிக் காட்டினார். பெண்கள் விடுதிக்கு மாதம் 7,000 ரூபாய் கொடுத்துக்கொண்டு நான் அதில் உட்கார்ந்திருந்தேன்.

பிப்ரவரி கடைசி வாரத்தில் நியமனக் கடிதம் மின்னஞ்சலில் வந்தது. நிறுவனத்தின் சின்னம், ஆண்டுக்கு 4,20,000 ரூபாய் ஊதியம், மார்ச் 4 பணிச்சேர்க்கை, எல்லாம் இருந்தன. அன்றே மீதிப் பணம் வேண்டும், அதுவும் ரொக்கமாக வேண்டும், வங்கி வழியாக அனுப்பினால் ஜி.எஸ்.டி. தனியாகக் கட்ட வேண்டியிருக்கும் என்றார்கள். அம்மாவின் நான்கு பவுன் வளையல்களும் கடன் சங்கத்துக்குப் போயின. அந்த 1,05,000 ரூபாய்க்கு இன்று என்னிடம் ஒரு துண்டுச் சீட்டு கூட இல்லை. கடிதம் போலி என்பதைக் கண்டுபிடிக்க அன்றைக்கே இரண்டு வழிகள் இருந்தன. அனுப்பிய முகவரி, அந்த நிறுவனத்தின் இணையதளப் பெயரோடு இன்னொரு சொல்லைக் கோத்து உருவாக்கப்பட்டிருந்தது. நாமே அந்த நிறுவனத்தின் தளத்துக்குச் சென்று ஒப்பிட்டால் வேறுபாடு தெரிந்திருக்கும். இரண்டாவது, கடிதத்தின் அடியில் இருந்த நிறுமப் பதிவு எண். இந்தியாவில் பதிவான எந்தக் கம்பெனிக்கும் அந்த எண் எழுத்தும் இலக்கமும் சேர்ந்து 21 இடங்கள் கொண்டது. பதிவான மாநிலத்தின் குறியீடும், பதிவான ஆண்டும் அதற்குள்ளேயே இருக்கும். மத்திய நிறும விவகார அமைச்சகத்தின் தளத்தில் அதைக் கட்டணமின்றிச் சரிபார்க்கலாம். எனக்கு வந்த கடிதத்தில் 19 இடங்களே இருந்தன. நான் எண்ணிப் பார்த்தது ஏப்ரல் மாதத்தில்.

மார்ச் 4 என்பது மார்ச் 18 ஆயிற்று. பிறகு, தமிழ்நாட்டில் ஏப்ரல் 19 அன்று மக்களவைத் தேர்தல் வாக்குப்பதிவு இருப்பதால் அது முடிந்தபின் என்று ஆயிற்று. தேர்தலுக்கும் ஒரு தனியார் நிறுவனத்தில் புதியவர்கள் சேர்வதற்கும் என்ன தொடர்பு என்று நான் கேட்கவில்லை. ஏற்கெனவே ஒரு நிறுவனம் இப்படித் தேதியைத் தள்ளித் தள்ளி என்னைப் பழக்கியிருந்ததால், இவர்கள் தள்ளிவைத்தபோது அது மோசடியாகத் தோன்றவில்லை, வழக்கமாகவே தோன்றியது. இதைத்தான் காத்திருக்கும் எல்லோரிடமும் நான் அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறேன்: இவர்கள் விற்பது வேலையை அன்று, தேதியை. ஒரு தேதி கையில் இருந்தால் வீட்டாருக்குப் பதில் சொல்ல முடிகிறது என்பதற்காகவே நாம் பணம் கொடுக்கிறோம். அந்தத் தேதி மாறும்போதெல்லாம் புகார் கொடுக்கும் நாளும் தள்ளிப்போகிறது.

ஏப்ரல் இரண்டாம் வாரத்தில், நான் ஏறக்குறைய மறந்தேவிட்டிருந்த அந்த முதல் நிறுவனத்திடமிருந்து மின்னஞ்சல் வந்தது. ஏப்ரல் 22 அன்று சான்றிதழ் சரிபார்ப்பு, ஏப்ரல் 29 அன்று பணிச்சேர்க்கை, அசல் சான்றிதழ்கள் கட்டாயம். கன்சல்டன்சிக்கு ஓடினேன். சான்றிதழ்கள் பெங்களூரில் சரிபார்ப்பில் இருப்பதாகச் சொன்னார்கள். மறுநாள் பொறுப்பாளர் விடுப்பில் இருப்பதாகச் சொன்னார்கள். அதற்கடுத்த நாள், ஒப்பந்தத்தை நானே முறித்துக்கொள்வதாக எழுதிக் கொடுத்தால் பார்க்கலாம் என்றார்கள். எழுதிக் கொடுத்திருந்தால் பணம் கேட்கும் உரிமையே போயிருக்கும். ஏப்ரல் 22 அன்று நகல்களோடு அந்த நிறுவனத்தின் வரவேற்பறையில் நின்று, உண்மையைச் சொல்ல வெட்கப்பட்டு, சான்றிதழ்கள் ஊரில் இருப்பதாகச் சொன்னேன். மனிதவளத் துறையிலிருந்த அம்மையார் கனிவாகவே பேசி 26ஆம் தேதிவரை நேரம் கொடுத்தார்.

23ஆம் தேதி அப்பா வந்து சேர்ந்ததும் காவல் நிலையத்தில் புகார் கொடுத்தோம், புகார் பெறப்பட்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது தந்தார்கள். கன்சல்டன்சிக்காரர்களை அழைத்து விசாரித்ததில், பெங்களூருக்குப் போனதாகச் சொல்லப்பட்ட கோப்பு அதே அலுவலகத்தின் அலமாரியிலிருந்து மே 2 அன்று வந்தது. பணத்தில் 40,000 ரூபாய் மட்டும் தந்து, மீதியைத் தவணையாகத் தருவதாக எழுதிக் கொடுத்தார்கள். அடுத்த மாதமே அலுவலகத்தைப் பூட்டிவிட்டார்கள். மே முதல் வாரத்தில், குறித்த நாளுக்குள் ஆவணங்களைச் சமர்ப்பிக்காததால் என் நியமனம் திரும்பப் பெறப்பட்டதாக அந்த உண்மையான நிறுவனத்திடமிருந்து கடிதம் வந்தது. இருபது மாதங்கள் காத்திருந்த வேலை, ஒரு வாரத்தில் போயிற்று.

என்னைப்போல் மாட்டிக்கொண்டவர்களுக்கு நடைமுறையில் பயன்படக்கூடியவற்றைச் சொல்லிவிடுகிறேன். வங்கி வழியாகவோ யு.பி.ஐ. வழியாகவோ பணம் அனுப்பிச் சில மணி நேரங்களுக்குள் மோசடி என்று தெரிந்தால் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை உடனே அழையுங்கள். பணம் அடுத்த கணக்குக்கு மாறுவதற்குள் முடக்க வாய்ப்பிருக்கிறது. காவல் நிலையத்தில், ஒப்பந்தம் இருப்பதால் இது சிவில் விவகாரம் என்று சொல்லக்கூடும். போலி நியமனக் கடிதத்தைத்தான் முதலில் எடுத்து வையுங்கள், ஏனெனில் பயிற்சி தந்தோம் என்று சொல்லி அதை அவர்களால் நியாயப்படுத்த முடியாது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019இன்படி, நாம் வசிக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குத் தொடரலாம். அதற்காகச் சென்னைக்கு அலைய வேண்டியதில்லை. செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் வழக்குக் கட்டணமும் இல்லை. ஆனால் இரண்டு ஆண்டுகளுக்குள் தொடர வேண்டும். எந்த வழியில் செல்வது என்று தெரியாவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் கேட்கலாம். இதே அலுவலகத்தில் என்னுடன் பயிற்சிக்கு வந்த ஒரு தம்பிக்குத் தாய்லாந்தில் கணினி வேலை என்று ஆசை காட்டினார்கள். 2022இல் தமிழக இளைஞர்கள் மியான்மரின் மியாவாடியில் இணைய மோசடிக் கும்பல்களிடம் சிக்கி மீட்கப்பட்டதும் இதே தாய்லாந்து வேலைப் பேச்சை நம்பித்தான் என்பதை அவர் வீட்டார் நினைவில் வைத்திருந்ததால் அவர் தப்பினார்.

மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகங்கள் நடத்தும் தனியார் துறை வேலைவாய்ப்பு முகாம்களுக்கு ஒரு ரூபாய்கூடக் கட்டணம் இல்லை. இப்போது நான் கோயம்புத்தூரில் பார்க்கும் வேலை அத்தகைய ஒரு முகாமில் கிடைத்ததுதான். ஊதியம் மாதம் 18,000 ரூபாய். அந்தப் போலிக் கடிதத்தில் இருந்த தொகையில் ஏறக்குறைய பாதி. அசல் சான்றிதழ்களைப் பத்து நிமிடம் பார்த்துவிட்டு, என் கையிலேயே திருப்பிக் கொடுத்தார்கள்.

தூத்துக்குடி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் என் வழக்கு நடந்துகொண்டிருக்கிறது. பயிற்சி அளித்துவிட்டோம், எனவே சேவையில் குறைபாடு இல்லை என்பதே எதிர்த்தரப்பின் வாதம். சங்கிலியை இந்த ஆண்டு பொங்கலுக்கு மீட்டுவிட்டோம். வளையல்கள் இன்னும் கடன் சங்கத்தில்தான் இருக்கின்றன. சென்ற மாதம் என் கல்லூரி இளையவள் ஒருத்தி, தனக்கு ஓர் அழைப்பு வந்ததாகச் சொல்லி, அவர்கள் கொடுத்த முகவரியை அனுப்பினாள். பெயர் வேறு, நான் பயிற்சிக்குச் சென்ற கட்டடத்திலிருந்து இரண்டு தெரு தள்ளி இருந்தது. அசல் சான்றிதழ்களை எடுத்துக்கொண்டு வரும்படி அவளிடமும் சொல்லியிருக்கிறார்கள். அவள் போகவில்லை.