ஆறு ஆண்டுகள் தொங்கிய கம்பி: விரிந்த முதுகும் ஃபோம் உறை செய்த கேடும்

கடந்த ஞாயிற்றுக்கிழமை, வீட்டு மாடியில் இருந்த தொங்கியபடி உடலை மேலே இழுக்கும் கம்பியான என் புல் அப் பாரைச் சுவரிலிருந்து கழற்றி வேறோர் இடத்தில் மாட்ட வேண்டியதாயிற்று. அதே வாரத்தில் எங்கள் பள்ளியில் உடன் பணிபுரியும் ஆசிரியர் ஒருவர், அந்த மாடலின் விலை 3,200 ரூபாயிலிருந்து 1,900 ரூபாய்க்கு இறங்கியிருப்பதாகச் சொல்லி, முதுகை அகலமாக்க அதை வாங்கலாமா என்று கேட்டார். நின்றபடியே பதில் சொல்லி முடிக்கிற விஷயமாக அது எனக்குத் தோன்றவில்லை. 2019 ஜூன் முதல் அந்தக் கம்பியில் தொங்கி வருகிறேன். அதன் நன்மையும் தெரியும், அது எனக்குச் செய்த கேடும் தெரியும்.

முதலில் கம்பியைத் தாங்கும் இரும்புச் சட்டகத்துக்கு உரிய நியாயத்தைச் செய்துவிடுகிறேன். என் எடை 74 கிலோ. பின்னாளில் முதுகுப்பையில் 10 கிலோ வரை சேர்த்துக்கொண்டு, வாரத்துக்கு இரண்டு நாள் தவறாமல் தொங்கியும், வெல்டிங்கில் ஓரிடத்திலும் விரிசல் விழவில்லை. குழாய் துளியும் வளையவில்லை. தூத்துக்குடியின் உப்புக் காற்றில் ஜன்னல் கம்பிகளே செதில் செதிலாக உதிரும்போது, சட்டகத்தின் கறுப்புப் பூச்சு இன்னும் பெரும்பாலும் அப்படியே இருக்கிறது. அந்த இரும்பு வேலையில் நான் குறை காணவே முடியாது.

என் கோபம் முழுவதும் கைபிடிக்கும் இடத்தில் சுற்றியிருந்த ஃபோம் உறையின் மேல்தான்.

குழாயின் விட்டம் 32 மில்லிமீட்டர். பிடிப்பதற்கு அதுவே போதுமான அளவு. ஒலிம்பிக் போட்டியில் ஆண்கள் தூக்கும் பார்பெல்லின் கைப்பிடிகூட 28 மில்லிமீட்டர்தான். அந்தக் குழாயின் மேல் தடித்த ஃபோமைச் சுற்றினால் பிடி 45 மில்லிமீட்டரைத் தாண்டிவிடுகிறது. விரல்கள் முழுவதும் வளைந்து கட்டைவிரலைத் தொட முடியாமல் போகிறது. போதாக்குறைக்கு ஃபோம் வியர்வையைக் குடித்து ஊறிப்போய், உடலின் பாரம் இறங்கியதும் குழாயின் மேல் மெல்லச் சுழல்கிறது. தொங்குகிறவன் தன்னை மேலே இழுப்பதை விட்டுவிட்டு, நழுவாமல் இருப்பதற்கே பாதி பலத்தைச் செலவழிக்கிறான்.

இது முதுகை எப்படிப் பாதிக்கிறது என்பதைச் சொல்ல வேண்டும். ஜிம்மில் விங்ஸ் என்கிறார்களே, அந்த லாட்ஸ் தசை முதுகெலும்பின் நடுப்பகுதியிலிருந்து இடுப்பெலும்பின் விளிம்பு வரை விசிறிபோல் விரிந்து, மேலே போகப் போகக் குவிந்து, அக்குளைச் சுற்றிக்கொண்டு மேற்கை எலும்பின் முன்பக்கத்தில் போய் ஒட்டுகிறது. அதனால் புல் அப் என்பது முகவாயைக் கம்பிக்கு மேலே கொண்டுபோகிற வேலை அன்று. முழங்கைகளை இடுப்பை நோக்கி இறக்குகிற வேலை. அவ்வளவு பெரிய தசை களைப்பதற்கு முன்பே முன்கையும் விரல்களும் தளர்ந்துவிட்டால், வளர்வதற்கான காரணம் எதுவும் முதுகுக்குக் கிடைக்காது. முதல் இரண்டு ஆண்டுகள் எனக்கு நடந்தது அதுதான். ஏழு ரெப்ஸ், அதாவது ஏழு முறை மேலே இழுப்பது, வரும்; எட்டாவதில் கை விட்டுவிடும். முதுகில் மட்டும் களைப்பே இருக்காது.

குறை என்னிடம்தான் என்று நம்பியிருந்தேன். அந்த நாளில் எனக்கு அறிமுகமான பயிற்சியாளர் ஒருவர், ஸ்டீராய்டு ஊசி போடாமல் விங்ஸ் விரியாது என்று திட்டமாகச் சொன்னார். மனம் தளர்ந்த நேரத்தில் எனக்குத் துணையாக இருந்தது மனோகர் ஐச்சின் நினைவுதான். நான்கு அடி பதினோரு அங்குல உயரமுள்ள அந்த வங்காளி, பிரிட்டிஷ் ஆட்சிக்காலச் சிறையில் எந்தக் கருவியும் இல்லாமல் உடலை வளர்த்து, 1952இல் மிஸ்டர் யுனிவர்ஸ் போட்டியில் தம் உயரப் பிரிவில் வென்றார். உடற்கட்டு உலகத்தையே மாற்றிய டயனபால் என்ற ஸ்டீராய்டு மாத்திரை அமெரிக்கச் சந்தைக்கு வந்தது 1958இல். ஆகவே ஊசி இல்லாமல் முடியாது என்ற பேச்சை நான் ஏற்கவில்லை; ஆனால் என் கம்பியைச் சந்தேகிக்கவும் எனக்குத் தோன்றவில்லை.

2021 ஆகஸ்டில் ஃபோம் ஓரிடத்தில் கிழிந்தது. பிளேடால் முழுவதையும் அறுத்து எடுத்தபோது உள்ளே இருந்ததைப் பார்த்து எனக்கு வந்த ஆத்திரம் இன்றும் ஆறவில்லை. மற்ற எல்லா இடத்திலும் அடித்திருந்த கறுப்புப் பூச்சை, ஃபோம் மறைக்கிற அந்த இரண்டு சாண் நீளத்தில் மட்டும் அடிக்காமல் விட்டிருந்தார்கள். இரண்டு ஆண்டு வியர்வை உள்ளேயே தேங்கி, குழாய் செந்துரு பிடித்துச் சொறசொறத்துக் கிடந்தது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்துத் துடைத்து, பருத்தித் துணி டேப்பை ஒரே ஒரு சுற்று சுற்றினேன். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை டேப்பை மாற்றுகிறேன். வேறு பராமரிப்பு இல்லை. நான்கு மாதத்தில் ஏழு ரெப்ஸ் பதினொன்றாயிற்று. அதைவிட முக்கியம், வாழ்க்கையில் முதல்முறையாக மறுநாள் காலையில் அக்குளுக்குக் கீழே இரு பக்கமும் வலித்தது.

கை வியர்வைக்கு வகுப்பறைச் சாக்பீஸை உடைத்துத் தேய்த்துப் பார்த்தேன்; பயனில்லை. ஜிம்னாஸ்டிக்ஸ் வீரர்கள் பூசிக்கொள்வது மெக்னீசியம் கார்பனேட். கரும்பலகைச் சாக்பீஸ் பெரும்பாலும் ஜிப்சம். பார்வைக்கு இரண்டும் ஒரே வெள்ளைப் பொடிதான், வேலையில் முழுக்க வேறு.

அதன் பிறகு செய்த பயிற்சியில் இரகசியம் எதுவும் இல்லை. தோள் அகலத்தைவிடச் சற்றே அகலமான பிடி. கைகள் முழுவதும் நீள்கிற வரை தொங்குதல். முதலில் தோள்களைக் கீழே இறக்கிவிட்டுப் பிறகு இழுத்தல். இறங்கும்போது மூன்று எண்ணுகிற அளவுக்கு நிதானம். பன்னிரண்டு ரெப்ஸ் எளிதாக வந்தபோது முதுகுப்பையில் தண்ணீர் பாட்டில்களை வைத்து எடையைக் கூட்டினேன். முதுகின் தடிப்புக்கு 20 கிலோ டம்பெல்லில் ஒற்றைக் கை ரோ, அதாவது குனிந்து நின்று ஒரு கையால் எடையை இடுப்பை நோக்கி இழுத்தல். உடல் எடையில் கிலோவுக்கு 1.6 கிராம் என்று கணக்கிட்டால் எனக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 118 கிராம் புரதம் வேண்டும். முட்டையும் சூரை மீனும் சுண்டலும் தயிருமாக அதை ஒருவாறு எட்டிவிடுகிறேன். தோள் எலும்பின் அகலம் பிறப்பிலேயே வருவது, அதை எந்தக் கம்பியாலும் மாற்ற முடியாது. அதன் மேல் தசையைச் சேர்ப்பது மட்டுமே நம் கையில் இருக்கிறது.

2023 பொங்கலுக்குச் சட்டை தைக்கக் கொடுத்தபோது, பத்து ஆண்டுகளாக எனக்கு அளவெடுக்கும் தையல்காரர் டேப்பை முதுகில் வைத்துவிட்டு, "சார், பின்பக்கம் ஒன்றரை இஞ்ச் கூடியிருக்கு, பழைய அளவுக்குத் தைக்க முடியாது" என்றார். நம் முதுகை நாம் பார்ப்பதில்லை. இன்னொருவர் அளவு டேப்பை வைத்துச் சொன்ன அந்த நிமிடத்தின் மகிழ்ச்சி எனக்கு இன்றும் குறையவில்லை.

இப்போதைய பழுது கம்பியின் குற்றம் அன்று. சட்டகத்தோடு கொடுத்த ஆங்கர் போல்ட்டுகளைச் செங்கல் சுவரில் அடித்தது என் தவறு. ஆறு ஆண்டு ஆட்டத்தில் செங்கல் நொறுங்கி இரண்டு போல்ட்டுகள் தளர்ந்துவிட்டன. கொத்தனார் அதைக் கான்கிரீட் பீமில் 12 மில்லிமீட்டர் போல்ட் போட்டு மாட்டித் தந்தார். அன்று மாலையே பதினான்கு எடுத்தேன், சட்டகம் அசையவில்லை.

இவ்வளவு உழைத்த கம்பியைப் பாராட்டிவிட்டு, நண்பரிடம் வாங்க வேண்டாம் என்றே சொன்னேன். 1,900 ரூபாய்க்கும் வேண்டாம். மறைகிற இடத்தில் பூச்சு அடிக்காமல் விட்டவர்களுக்கு, என் இரண்டு ஆண்டுகளை எடுத்துக்கொண்டவர்களுக்கு, இன்னொருவருடைய பணம் போவதை என் மனம் ஒப்பவில்லை. விற்பனைப் படத்தில் அதே ஃபோம் இன்னும் இருக்கிறது.

அதற்குப் பதிலாக அவரை வெல்டிங் பட்டறைக்குப் போகச் சொல்லியிருக்கிறேன். சிவப்புப் பட்டை போட்ட சி கிளாஸ் (தடித்த சுவருள்ள) ஜி.ஐ. குழாய், அதாவது துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய், ஒரு அங்குலம். அந்த ஒரு அங்குலம் உள்விட்டத்தை ஒட்டிய பெயர். அதன் வெளிவிட்டம் ஏறக்குறைய 34 மில்லிமீட்டர். சுவரிலிருந்து குழாய் இரண்டடியாவது தள்ளி இருக்க வேண்டும். வெல்டிங் வைத்த இடங்களில் துத்தநாகப் பூச்சு எரிந்துபோயிருக்கும், அங்கெல்லாம் துத்தநாகப் பெயிண்ட்டை இரண்டு முறை அடிக்கச் சொல்ல வேண்டும். பிடிக்கும் இடத்துக்கு ஃபோம் போட்டுத் தரட்டுமா என்று பட்டறையில் கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, ஒரு துணி டேப் மட்டும் வாங்கிக்கொண்டு வரச் சொன்னேன்.