மேல் ஜி-க்காக வாங்கிய பிளாஸ்டிக் ரீட்: எட்டு மாதம் கழித்து

கிளாரினெட்டுக்குப் பிளாஸ்டிக் ரீட் (ஊதும்போது அதிர்ந்து நாதம் தரும் மெல்லிய தகடு) வாங்கலாமா என்று யோசிப்பவர்கள் முதலில் கேட்பது, "கேன் ரீட் மாதிரி நாதம் வருமா?" என்றுதான். கேன் என்பது நாணல்; வழக்கமான ரீட் அதில் செய்ததுதான். எனக்கு அந்தக் கவலை இரண்டாம் பட்சம். எனக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு நோட்: ஜி6. ஐந்து கோட்டுக்கு மேலே இன்னும் நான்கு சின்னக் கோடு போட்டு, அந்த நான்காவது கோட்டிலேயே உட்கார்ந்திருக்குமே, அந்த ஜி.

பீத்தோவனின் 8-வது சிம்பொனி வாசிக்கப் போகிறோம் என்று சொன்னார்கள். 1812-இல் எழுதியது. அதன் மூன்றாம் பகுதியின் நடுவே வரும் ட்ரையோவில் இரண்டு ஹார்னும் முதல் கிளாரினெட்டும் மாறி மாறிப் பாடும்; அடியில் செல்லோ ஓடிக்கொண்டே இருக்கும். கேட்க அவ்வளவு சுகம். வாசிப்பவருக்குத்தான் வயிற்றைக் கலக்கும். பாட்டின் முடிவில் கிளாரினெட் படியேறிப் போய் அந்த ஜி-யைத் தொட வேண்டும், அதுவும் மென்மையாக. பி ஃப்ளாட் கிளாரினெட்டில் ஜி என்று எழுதினால் காதில் விழுவது எஃப், கிட்டத்தட்ட 1397 ஹெர்ட்ஸ். உரக்க வாசி என்றால் எப்படியாவது வாசித்துவிடலாம். மெதுவாக வாசி என்பதில்தான் பிராணன் போகிறது. நான் இருபது வருடம் இரண்டாம் கிளாரினெட் வாசித்தவள். முதல் கிளாரினெட்காரர் விலகிவிட்டதால் அந்த நாற்காலி எனக்கு வந்தது. குருவி தலையில் பனங்காய்.

அதுவரை வாசித்தது கேன் ரீட், 3-ஆம் நம்பர் (நம்பர் கூடக் கூட ரீட் கெட்டி). மவுத்பீஸ், அதாவது ரீட்டைப் பொருத்தி ஊதும் வாய்ப்பகுதி, வாண்டோரென் கம்பெனியின் பி45. முனைத் திறப்பு, அதாவது ரீட் முனைக்கும் மவுத்பீஸ் முனைக்கும் உள்ள இடைவெளி, 1.195 மில்லிமீட்டர், கொஞ்சம் அகலமானதுதான். கேன் ரீட்டின் சங்கதி தெரிந்ததே. பெட்டியில் பத்து இருந்தால் மூன்று நன்றாக இருக்கும், அந்த மூன்றில் ஒன்றுதான் மேலே ஏறும். அந்த ஒன்றும் மழை நாளில் ஒரு மாதிரி, வெயில் நாளில் ஒரு மாதிரி. முனை லேசாக அலை அலையாக வளைந்துவிட்டால் கீழ் ஸ்தாயியில் ஒன்றும் தெரியாது. மேலே போனதும் வெறும் காற்றுதான் வரும். ஜி வராத ஒவ்வொரு நாளும் நான் ரீட்டைத் திட்டினேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம், அந்தக் கதை.

பிளாஸ்டிக் ரீட் வாங்கியது இந்தச் சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ளத்தான். கம்பெனி பெயரைச் சொல்லப் போவதில்லை. கீழே வரும் குறைகளில் பாதி இந்த வகை ரீட்டுக்கே உரியவை, மீதி என் வாய்க்கு உரியவை. பாலிப்ரோப்பிலீனில் செய்த ரீட், கால் கால் நம்பராகக் கிடைக்கிறது, எச்சில் படுத்தி ஊறவைக்க வேண்டாம். டப்பாவிலிருந்து எடுத்து மாட்டி வாசிக்க வேண்டியதுதான்.

முதல் தவறு என்னுடையது. மேல் நோட்டுக்குக் கெட்டி ரீட் வேண்டும் என்று எல்லோரும் சொல்வதை நம்பி 3½ வாங்கினேன். அதில் உண்மை இல்லாமல் இல்லை. மெல்லிய ரீட் மேலே போகப் போகச் சுருதி இறங்கும், சில சமயம் மவுத்பீஸோடு ஒட்டிக்கொண்டு மூச்சே விடாது. ஆனால் என் மவுத்பீஸின் திறப்புக்கு 3½ ரொம்ப அதிகம். நோட்டை எடுக்க நான் கடிக்க ஆரம்பித்தேன். நான்காம் நாள் கீழ் உதட்டின் உள்பக்கம் பல் தடம் பதிந்திருந்தது, தாடை வலித்தது, ஜி வந்தது, ஆனால் கால் சுருதி ஏறி, ஊசி குத்துகிற மாதிரி. பக்கத்து அறையில் படித்துக்கொண்டிருந்த மகள் எழுந்து வந்து கதவைச் சாத்திவிட்டுப் போனாள். ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம் 3 வாங்கினேன். இந்த விமர்சனம் அந்த 3-ஐப் பற்றியது.

ஒரு ரீட் மேலே ஏறுமா என்று பார்க்க நான் செய்யும் சோதனை இது. இடது கைக் கட்டைவிரலும் மூன்று விரலும் மூடி கீழ் ஸ்தாயி சி-யை ஊதுங்கள். விரல்களை அசைக்காமல் ரெஜிஸ்டர் கீயை (மேல் ஸ்தாயிக்குத் தாவ வைக்கும் கட்டைவிரல் கீ) மட்டும் தட்டினால் ஜி5. கிளாரினெட் ஒரு பக்கம் மூடிய குழாய் போல நடந்துகொள்வதால் எட்டாம் சுரத்துக்குப் போகாமல் பன்னிரண்டாம் சுரத்துக்குத் தாவுகிறது. அதாவது மூன்றாம் ஹார்மோனிக், அடிச் சுரத்தைப் போல மூன்று மடங்கு அதிர்வு. இப்போது ஆள்காட்டி விரலை மட்டும் தூக்கினால் ஐந்தாம் ஹார்மோனிக், ஈ6. அது கொஞ்சம் தாழ்ந்தே வரும், வலது கைச் சுண்டுவிரலால் ஈ ஃப்ளாட் கீயை அழுத்தினால் மேலே வந்து சேரும். சி, ஜி, ஈ என்று ஒரே மூச்சில், நாக்கால் தட்டாமல், உதட்டை இறுக்காமல் வர வேண்டும்.

கேன் ரீட்டில் இதை ஒரு நாள் பத்துக்கு எட்டு தடவை எடுப்பேன், மறுநாள் பத்துக்கு மூன்று. பிளாஸ்டிக் ரீட்டில் முதல் வாரம் தினமும் பத்துக்கு ஆறு. திங்கள் ஆறு, செவ்வாய் ஆறு, மழை பெய்த அன்றும் ஆறு. எனக்கு அதிர்ச்சியாக இருந்தது அந்த மாறாத ஆறுதான். தவறும் நான்கும் ரீட்டால் இல்லை, என்னால். கவனித்துப் பார்த்தால், தவறும்போதெல்லாம் நாக்கின் பின்பகுதி கீழே கிடந்தது. "ஹீ" என்று சொல்லும்போது நாக்கு மேலெழுந்து காற்றுவழி குறுகும் அல்லவா, அந்த நிலையில் அதை வைத்திருந்தால் ஈ தானாக வந்து நின்றது. இதைச் சொல்லிக்கொடுத்த ஆசிரியர் உண்டு, வருடக்கணக்கில் சொன்னார். நான் அவர் முன்னால் தலையாட்டிவிட்டு வீட்டுக்கு வந்து வேறு ரீட் தேடுவேன்.

மூன்று வாரத்தில் ஜி6 வந்தது. உதட்டில் தடம் இல்லாமல், மெதுவாக, பெரும்பாலும் சுருதியோடு.

சரி, குறைகள். நாக்கால் தட்டித் தொடங்கும்போது மேல் நோட்டுகளில் ஒரு சின்ன "டிக்" சத்தம் முன்னால் வருகிறது, டப்பா மூடியைத் தட்டியது போல. நாக்கு நுனியை ரீட் முனையில் பட்டும் படாமலும் வைத்தால் குறைகிறது, ஆனால் போவதில்லை. எஃப் ஷார்ப் தாண்டியதும் நாதம் கொஞ்சம் வெளிறுகிறது. கேன் ரீட்டின் நல்ல நாளில் இருக்கும் அந்த உருண்டை இதில் இல்லை. அப்புறம் சூடு. வாசித்துப் பத்து நிமிடம் ஆனதும் வாயின் வெப்பத்தில் ரீட் லேசாக மெலிந்து, மேல் நோட்டுகள் ஒரு துளி இறங்குகின்றன. அதனால் சுருதி சேர்க்குமுன் நன்றாக ஊதிச் சூடாக்கிவிடுகிறேன். கத்தியாலோ உரசியோ சீர்செய்யவும் வழியில்லை. செய்யக்கூடியது ஒன்றுதான்: லிகேச்சரை (ரீட்டை மவுத்பீஸோடு பிடித்து வைக்கும் வளையம்) தளர்த்தி ரீட்டை ஒரு முடி அளவு மேலே தள்ளினால் கெட்டியாகும், கீழே இறக்கினால் இளகும். அந்த முடி அளவுக்கு ஈ-க்கும் ஜி-க்கும் நடுவே வித்தியாசம் பளிச்சென்று தெரிகிறது.

ஆயுள் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். கேன் ரீட் மாதிரி வாரக்கணக்கில் இல்லை, மாதக்கணக்கில் வருகிறது. ஆனால் இது சாகும் விதம் தந்திரமானது. விரிசல் இல்லை, நிறம் மாறவில்லை, கீழ் ஸ்தாயியும் நடு ஸ்தாயியும் அப்படியே இருக்கின்றன. மேலிருந்துதான் உதிர ஆரம்பிக்கிறது. ஐந்தாம் மாதம் முதலில் ஜி தாழ்ந்தது, பிறகு எஃப் ஷார்ப் தயங்கியது. அந்த நேரத்தில் நான் மறுபடி கடிக்க ஆரம்பித்திருந்தேன் என்பதே எனக்குத் தெரியவில்லை. இப்போது இரண்டு ரீட் வைத்து ஒருநாள் விட்டு ஒருநாள் மாற்றுகிறேன். ஓய்வு கொடுத்தால் ஓரளவு மீள்கிறது. மென்மையான சோப்பும் பழைய பல் துலக்கும் பிரஷும் போதும், வெந்நீர் வேண்டாம்.

ஜி-க்கு மேலே? ஏ6 வருகிறது, நம்பி மேடையில் வைக்க முடியாது. சி7, அதாவது காதுக்குச் சுமார் 1865 ஹெர்ட்ஸ், இரண்டு தடவை வந்தது, இரண்டு தடவையும் தற்செயலாக. ஜெர்மன் இசையமைப்பாளர் ஸ்போர் 1808-இல் கிளாரினெட் கலைஞர் ஹெர்ம்ஸ்டெட்டுக்காக எழுதிய சி மைனர் கான்செர்ட்டோவில் அந்த உயரம் வரை போகச் சொல்லியிருக்கிறார். ஸ்போர் வயலின்காரர், கிளாரினெட்டின் எல்லை அவருக்கு அவ்வளவாகத் தெரியாது. ஹெர்ம்ஸ்டெட் அதை மறுக்காமல் தன் கருவியையே திருத்தி அமைத்துக்கொண்டார். இந்தக் கதையைப் படித்த அன்று எனக்கு ஸ்போர் மீது கோபம்தான் வந்தது.

கச்சேரியில் இந்த ரீட்டைத்தான் போட்டேன். ட்ரையோவில் ஜி தெளிவாக வந்தது. ட்ரையோவுக்கு முன்னும் பின்னும் வரும் மினுவெட் மட்டும் திரும்பி வந்து, ட்ரையோ திரும்பி வராதது என் அதிர்ஷ்டம். ஆனால் ட்ரையோவில் அந்த "டிக்" கேட்டது. செல்லோக்காரர்களுக்குக் கேட்டிருக்கும்.

மேல் ஸ்தாயி ஒருநாள் வந்து ஒருநாள் வராமல் தவிப்பவர்கள் ஒன்றே ஒன்று வாங்கிப் பாருங்கள். உங்கள் கேன் நம்பருக்குச் சமமாகவோ கால் நம்பர் குறைவாகவோ எடுங்கள், அதிகமாக வேண்டாம். நாதம்தான் முதல் என்பவர்கள் கேன் ரீட்டிலேயே இருக்கலாம். ஐந்துக்கு நான்கு கொடுக்கிறேன். அந்த "டிக்" மட்டும் இல்லையென்றால் இன்னும் அரை சேர்த்திருப்பேன்.