சீனிக் குழாய்க்காக இரவல் எடுக்கலாம்: ஒரு பாடப் பெட்டியின் குறை நிறை

வன்னிப் பாடசாலைகளில் தரம் 8, 9 பிள்ளைகளுக்கு நீரிழிவு, கொழுப்பு, பிரஷர் பற்றிச் சொல்லிக்கொடுக்க இரவலாகக் கிடைக்கும் பெட்டி இது. பாதி அருமை. மீதியைத் திறக்காமலே திருப்பிக் கொடுக்கலாம்.

அருமையான பாதி சீனிக் குழாய்கள். சோடாப் போத்தல் லேபலைப் பிள்ளையே வாசித்து, கணக்குப் பார்த்து, அந்தளவு சீனியைக் குழாயில் நிரப்ப வேண்டும். 100 மில்லிலீற்றருக்கு 10 கிராம் என்றால் 400 மில்லிலீற்றர் போத்தலில் 40 கிராம். மட்டமாக வழித்தால் 10 தேக்கரண்டி. குவித்து அள்ளினால் கணக்குப் பிழைக்கும், அடிமட்டத்தால் வழிக்கச் சொல்லுங்கள். "சிவப்பு இல்லைத்தானே ரீச்சர்?" என்று ஒரு பிள்ளையாவது கேட்கும். நியாயமான கேள்வி. 2016இல் இலங்கையில் பானங்களுக்கு வந்த நிறக் குறியீட்டில் 11 கிராமைத் தாண்டினால்தான் சிவப்பு; இந்தப் போத்தல் செம்மஞ்சள். நிறம் 100 மில்லிலீற்றருக்கு, குடிப்பதோ முழுப் போத்தல். பெரியவர்களே நாளுக்கு ஏறத்தாழ 25 கிராமுக்குள் நிற்பது நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். வீட்டுத் தேத்தண்ணிச் சீனியையும் இதே குழாயில் போட்டுப் பார்க்க வையுங்கள்.

நூல் அளவும் நல்லது. உயரத்துக்கு நூலை வெட்டி, இரண்டாய் மடித்து, கடைசி விலாவுக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில், மூச்சை விட்டபின் சுற்றவேண்டும். நுனிகள் தொடாவிட்டால் இடுப்புச் சுற்றளவு உயரத்தில் பாதிக்கு மேல், கவனிக்கவேண்டிய அளவு. இலக்கம் எதுவும் வகுப்பில் வெளிவராது, கேலிக்கும் இடமில்லை. இறப்பர் கலந்த நூல் இழுபடும். சணல் நூலே போதும்.

உயரத்துக்கு எடை சரியா என்று காட்டும் பிஎம்ஐ சக்கரத்தைத் தொடவேண்டாம். அது பெரியவர்களுக்கானது: 18.5க்குக் கீழ் மெலிவு, 25இலிருந்து அதிக எடை. 13 வயதுப் பையனுக்கு உலக சுகாதார நிறுவன அட்டவணையின் நடு அளவே 18.2. சரியாக வளரும் பிள்ளையை மெலிவு என்றும், 23 உள்ளவனைச் சுகம் என்றும் இது காட்டும். எடை பார்ப்பதைப் பாடசாலை மருத்துவப் பரிசோதனைக்கு விட்டுவிடுங்கள்.

உணவு அட்டைகளில் ஓட்ஸும் அப்பிளும். குரக்கன் புட்டு, பயறு, முருங்கையிலை எதுவும் இல்லை. உப்பு அட்டையில் கருவாட்டைக்கூடக் காணோம்! நீங்களே வரைந்து சேர்க்கவேண்டியதுதான்.

மாரியில் சீனி கட்டிபடும், எறும்பும் வரும். பாடம் முடிந்ததும் குழாய்களைக் கழுவிக் காயவையுங்கள். எடுக்கும்போது மூடிகளை எண்ணி எடுங்கள், அவைதான் முதலில் தொலைகின்றன.