தனிச்சொல்லா, சொற்றொடரா?

ஆங்கிலச் சொற்களைப் பொருளோடு ஒவ்வொன்றாக மனப்பாடம் செய்வது ஒரு வழி. சொற்றொடராகவே பிடித்துக்கொள்வது இன்னொன்று.

முதல் வழியில் வேகம் உண்டு. அதிகம் பயன்படும் சுமார் 2,000 சொற்களை ஆங்கிலக் கல்வியாளர் மைக்கேல் வெஸ்ட் 1953-இல் பட்டியலாகவே வெளியிட்டார். 'டேபிள்', 'ரெயின்' போன்ற பெயர்ச்சொற்களுக்கு இந்த முறை தாராளமாகப் போதும்.

வினைச்சொல் வந்தால்தான் சிக்கல். 'கிவ்' என்றால் கொடு, 'அப்' என்றால் மேலே. ஆனால் 'கிவ் அப்' என்றால் கைவிடு! 'லுக் ஃபார்' தேடு, 'லுக் ஆஃப்டர்' பார்த்துக்கொள், 'லுக் டவுன் ஆன்' இளக்காரமாக நினை. பின்னால் ஒட்டும் குட்டிச்சொல் பொருளையே புரட்டிவிடுகிறது. (நம் 'கைகழுவு' மட்டும் என்னவாம்? பிரித்துப் பொருள் பார்த்தால் சோப்புதான் மிஞ்சும்.)

எதோடு எது சேரும் என்பதையும் பட்டியல் சொல்லாது. காபி 'ஸ்ட்ராங்', மழையோ 'ஹெவி'. மாற்றிச் சொன்னால் புரியும், ஆனால் காதில் உறுத்தும்.

சொற்றொடர் வழி மெதுவானது, உண்மைதான். இருந்தாலும் முதல் சில நூறு சொற்களுக்குப் பிறகு நான் பட்டியலைத் தொடமாட்டேன். புதிய சொல் எதுவானாலும் அது வந்த வாக்கியத்தோடுதான் நோட்டில் ஏறும்.