10 வாட் லேசர் மெஷின்: மோடியூல் மாற்றிய பிறகு

பலகையில் எழுத்துப் பொறிக்கவும் அறுக்கவும் பயன்படும் 10 வாட் லேசர் மெஷின் விலை இறங்கியிருக்கிறதே, வாங்கலாமா என்று மலேசியாவின் பேராக் மாநிலத்து பீடோர் நண்பர் கேட்டிருந்தார். அதே மாநிலத்தின் சுங்கை சிப்புட்டில் என் கடையில் ஓடுவதும் அதே 10 வாட் நீல டையோடு மெஷின்தான். ஒளியை உண்டாக்கும் டையோடுகள் இருக்கும் மோடியூலை இப்போதுதான் மாற்றினேன். சூட்டோடு சூடாக எழுதிவிடுகிறேன்.

ரப்பர் மரப் பலகையில் இது செய்யும் வேலைக்கு ஈடே இல்லை. தோட்டத்தில் பால் வெட்டி ஓய்ந்த மரம், வெளிர் நிறம். அதன்மேல் எழுத்து கரும்பழுப்பாகப் பளிச்சென்று நிற்கும். கல்யாணத்துக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்கும் டோர் கிப்ட், வீட்டுப் பெயர்ப் பலகை எல்லாம் இதில்தான். நிறமில்லாத அக்ரிலிக் மட்டும் ஆகாது. 450 நானோமீட்டர் வாக்கில் அலைநீளம் இருக்கும் நீல ஒளி அதை ஊடுருவி அப்படியே போய்விடும்.

என்னைப் படுத்துவது ஒளிப்புள்ளியின் வடிவம். டையோடில் ஒளி வரும் வாய், தடிமனில் ஒரு மைக்ரான், அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுதான். அகலத்தில் அதைப்போலப் பல மடங்கு. அதனால் பலகையில் விழுவது வட்டம் இல்லை, செவ்வகம். 10 வாட்டுக்காக இரண்டு டையோடுகளின் ஒளியைச் சேர்க்கிறார்கள். இரண்டும் இம்மி பிசகாமல் சேர்ந்து விழுந்தால் ஓரளவு சதுரம் கிடைக்கும். பழைய மோடியூலில் விழவில்லை. சரி, புதியதிலாவது விழுமென்று பார்த்தால், அதிலும் இல்லை!

ஆங்கில எழுத்தென்றால் சமாளித்துவிடலாம். தமிழில் ‘கண்ணன்’ என்று சின்னதாகப் போட்டுப் பாருங்கள். ஒளிப்புள்ளி குறுக்கே நீண்டிருப்பதால் நெட்டுக்கோடெல்லாம் தடித்து ‘ண’வின் சுழி அடைத்துக்கொள்ளும், ‘க’வின் கிடைக்கோடு மெலிந்துபோகும். ஒரு பிள்ளையின் பெயரை அப்படிக் கொடுக்க மனசு வருமா? பலகையை 90 டிகிரி திருப்பி வைத்து, கணினியிலும் எழுத்தைத் திருப்பி ஓட்டினால் சுழி திறந்துகொள்கிறது. காசு கொடுத்து வாங்கியவனுக்கு இந்த வேலை எதற்கு?

அப்புறம் மத்தியான வெக்கை. சூடு ஏற ஏற, அதே கரண்டுக்கு டையோடு குறைவான ஒளிதான் தரும். காலையில் சுத்தமாக அறுபட்ட 3 மில்லிமீட்டர் பிளைவுட், மூன்று மணிக்கு அடியில் ஒட்டிக்கொண்டு நிற்கும். இது டையோடு லேசருக்கே உள்ள குணம்; இந்த மெஷினைக் குறை சொன்னால் நியாயமில்லை.

இந்த விலைக்கு ரப்பர் பலகையில் இவ்வளவு அழகாக வேலை செய்யும் வேறு மெஷினை நான் பார்த்ததில்லை. ஆனாலும் நண்பரே, இன்றைக்குக் கேட்டால் வேண்டாம் என்றுதான் சொல்வேன். மீறி வாங்குவதானால், பணம் கட்டுவதற்கு முன் மெல்லிய பலகையில் ஒற்றைக் கோட்டால் ஒரு கூட்டல் குறி போடச் சொல்லுங்கள். இரண்டு கோடும் ஒரே தடிமனில் வராவிட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.